மாத்திரை நின்ற நாள்

தூத்துக்குடி இன்சூரன்ஸ் ஏஜென்ட் சகாயராஜ், மருந்துக்கடைத் தள்ளுபடி கார்டும் விற்றார். அந்தக் கார்டில் யார் மாத்திரை வாங்கினாலும் சகாயராஜின் போன் வாங்கியவர் பெயரைச் சொல்லி, அவருக்கு வரும் கமிஷனையும் சொல்லும். மாத்திரையை விட்டவர்களைத் திரும்ப வாங்கவைக்க என்ன பேசவேண்டும் என்பதையும் அதுவே சொல்லித்தரும்.

அன்று, அந்தக் கார்டிலேயே நெஞ்சு மாத்திரை வாங்கிவந்த பள்ளிக்கூடச் சிநேகிதர் பிச்சைக்கண்ணு மக்ரூன் இனிப்புப் பெட்டியோடு வந்தார்.

"ஏலே, நெஞ்சு சரியாயிட்டாம். டாக்டர் மாத்திரைய நிறுத்திட்டாருல!"

சகாயராஜுக்கும் சந்தோஷம்தான். ஆனால் போன் சொல்லித்தருமுன்னே அவர் வாய் முந்திக்கொண்டது. "எதுக்கும் இன்னொரு டாக்டரப் பாத்துருல. நெஞ்சு விஷயம்."

பிச்சைக்கண்ணுவின் முகம் வெளிறியது. "ஏம்ல, எதுவும் தெரிஞ்சா சொல்லுத?"

சகாயராஜ் மக்ரூன் பெட்டியை வாங்கி மேசையில் வைத்தார்.

பிச்சைக்கண்ணு நெஞ்சைத் தடவியபடியே படியிறங்கினார். சும்மாதான் சொன்னேன் என்று சகாயராஜ் அவரைத் திரும்பக் கூப்பிடவில்லை.