சந்தனத்துக்கு அடியில்

காரில் விழுந்த கீறலை வீட்டிலேயே பற்பசை தேய்த்துப் போக்கிவிடலாம் என்று கார்குழலிக்கு முதன்முதலில் சொன்னவள் பக்கத்து வீட்டு ஜஹபர் நிஷாதான்.

"வெள்ளை பேஸ்ட்டா இருக்கணும்க்கா. ஜெல்லு வேணாம். ஈரத்துணியில தொட்டு, அழுத்தாம தேச்சீங்கன்னா போயிடும்."

அவள் சொன்ன வேகத்திலேயே கார்குழலியின் சந்தேகம் உறுதியாகிவிட்டது. குற்றம் செய்த வீட்டாருக்கல்லவா பரிகாரம் இத்தனை விரைவாக நினைவுக்கு வரும்!

"உங்க வீட்டுக்காரர் கரீமோட ஸ்கூட்டர்தான் உரசியிருக்கணும் நிஷா. இந்தத் தெருவுலயே கண்ண மூடிக்கிட்டு வண்டி விடுறவரு அவரு ஒருத்தர்தான்."

நிஷா காரின் இடப்பக்கக் கதவைப் பார்த்தாள். பிறகு கார்குழலியைப் பார்த்தாள்.

"இருக்கும்க்கா" என்றாள்.

கார்குழலிக்கே சற்று ஏமாற்றமாகப் போயிற்று. அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து எத்தனையோ பேருக்கு மெமோ கொடுத்தவர். மறுவார்த்தை பேசாமல் ஒப்புக்கொண்டவர் ஒருவரும் இல்லை.

"பார்த்தீங்களா, ஒத்துக்கிட்டா!" என்று வீட்டுக்குள் வந்து கணவரிடம் அறிவித்தார்.

"ஒத்துக்கிட்டா கீறல் போயிடுமா?" என்றார் அரிகிருஷ்ணன், செய்தித்தாளை விட்டுத் தலையை எடுக்காமல்.

போயாக வேண்டும். ஓய்வு பெற்ற பிறகு, லாஸ்பேட்டையே வேடிக்கை பார்க்கக் கார் ஓட்டக் கற்றுக்கொண்டவர் கார்குழலி. சென்னையில் வேலை பார்க்கும் மகள் சுடர்விழி தன் பழைய மெரூன் நிறக் காரை அவருக்குக் கொடுத்தபோது ஒரே ஒரு நிபந்தனைதான் விதித்தாள்.

"ஒரு கீறல் விழுந்தாலும் சாவிய வாங்கிடுவேம்மா."

ஆயுத பூசைக்கு வந்துவிட்டுப் போனவள், நாளைக் காலை தீபாவளிக்கு வருகிறாள்.

பூசைக்கு வைத்த சந்தனத்தைத் தீபாவளி வரைக்கும் கழுவக் கூடாது என்று சட்டம் போட்டவரும் கார்குழலியே. இன்று கழுவியபோதுதான் இடப்பக்கக் கதவில் சந்தனத்துக்கு அடியில் முழ நீளத்துக்கு ஒரு வெளுத்த கோடு தெரிந்தது.

"பொட்டு வைக்கச் சொன்னா, கதவு பூரா பட்டையடிச்சு வெச்சிருக்கீங்களே!" என்று அதற்கும் கணவரைத்தான் கடிந்துகொண்டார்.

"நான் முன்பக்கம் மட்டுந்தாம்மா வெச்சேன். அந்தப் பக்கமே வரல."

செய்ததை ஒப்புக்கொள்ளும் துணிவு ஆண்களுக்கு எங்கே இருக்கிறது என்று நினைத்தபடி, கார்குழலி பற்பசையைப் பிதுக்கித் தேய்க்கத் தொடங்கினார். தேய்த்தார், துடைத்தார், மறுபடியும் தேய்த்தார்.

அரிகிருஷ்ணன் வாசலில் வந்து நின்றார், கையில் பிரஷ்ஷுடன்.

"பேஸ்ட்டக் காணோம். நானும் கார்கிட்டயே வந்து பல்லு தேச்சுக்கட்டுமா?"

கார்குழலி கதவருகே குனிந்தார். கீறல் உண்மையாகவே மறைந்துகொண்டிருந்தது. கீழே மெரூன் நிறம் பழுதில்லாமல் பளபளத்தது. ஆனால், வெள்ளைத் துணியில் வெள்ளி நிறத்தில் ஏதோ மினுமினுத்தது.

அது கீறல் அன்று. கதவின்மேல் ஒட்டியிருந்த வேறொன்றின் பெயிண்ட்.

நிமிர்ந்து பார்த்தார். பக்கத்து வீட்டு இரும்புக் கேட்டும் வெள்ளி நிறம். வெயிலில் மங்கிப்போன கம்பிகளுக்கு நடுவே, காரின் கதவு உயரத்தில், ஒரே ஒரு கம்பி மட்டும் புத்தம் புதிதாக மின்னியது.

ஆயுத பூசையன்று இரு பக்கமும் வாழைக்கன்று கட்டி, சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, தெருவே பார்த்திருக்க அவர்தான் வண்டியை வெளியே எடுத்துத் திருப்பினார். வேடிக்கை பார்க்க வந்த நிஷாவின் வீட்டுக் கேட் தெருப்பக்கம் திறந்துதான் கிடந்தது. 'கறக்'கென்று ஒரு சத்தம் கேட்டது. "பார்த்தீங்களா, பட்ட கண்ணெல்லாம் நொறுங்கிப்போச்சு!" என்று பெருமைப்பட்டுக்கொண்டதும் அவரேதான்.

துணியைக் கையில் பிடித்தபடியே பக்கத்து வீட்டுக்குப் போனார்.

"நிஷா, அன்னிக்கு நசுங்கினது எலுமிச்சம்பழம் இல்லியா?"

"எலுமிச்சம்பழம் எந்த ஊர்லக்கா 'கறக்'குன்னு கத்தும்?"

"அப்பவே சொல்லக் கூடாதா? கரீம் பேர்ல பழியப் போட்டேன், அதுக்கும் இருக்கும்னு சொல்றியே!"

"அவரு பேர்ல இல்லாத பழியா? போட்டா போட்டுட்டுப் போறீங்க."

கார்குழலியின் குரல் தணிந்தது. "நான் சாவியப் பறிகொடுத்துடக் கூடாதுன்னுதானே சந்தனத்தப் பூசி மறைச்சு வெச்ச?"

"நானா? நான் உங்க வண்டியத் தொடவேயில்லக்கா."

"பின்ன யாரு?"

நிஷா சிரித்தாள்.

"சுடரு கையில சந்தனக் கிண்ணத்தோட ஓடியாந்துச்சு. 'அம்மாவுக்குத் தெரிஞ்சா பயந்துபோயி வண்டியே எடுக்க மாட்டாங்க, சொல்லிடாதீங்க'ன்னு அதுதான் இழுத்துப் பூசுச்சு. கேட்டுக்குப் பெயிண்ட் வாங்கித் தரேன்னும் சொல்லுச்சு. வீட்டுலயே கெடக்குன்னு அவரு எடுத்து அடிச்சிட்டாரு."

கார்குழலி தம் வீட்டுக் காரைத் திரும்பிப் பார்த்தார். பிறகு சாவியை எடுத்துவந்து வண்டியில் ஏறினார்.

"இருங்கக்கா, இருங்க!" என்று நிஷா ஓடிப்போய் முதல் வேலையாகத் தன் வீட்டுக் கேட்டைச் சாத்தினாள்.

கடைத்தெருவுக்குப் போன கார், புதிய கீறல் எதுவும் இல்லாமல் திரும்பி வந்தது. கார்குழலி இறங்கி, தலையைச் சற்றுக் குனிந்தபடி, கரீமின் கையில் ஒரு டப்பாவைக் கொடுத்தார்.

கால் லிட்டர் சில்வர் பெயிண்ட்.