எட்டாவது வார்டு உறுப்பினரின் கணவர்

மனைவியின் பதவியேற்புக்கு முந்தின நாள் தங்கபாண்டியன் புது வெள்ளைச் சட்டையோடு கண்ணாடி முன் நின்று கும்பிட்டுப் பழகிக்கொண்டிருந்தார்.

"ஜெயிச்சது நானா, நீங்களா? போய் மோட்டாரை நிறுத்துங்க, தொட்டி வழியுது" என்று சமையலறையிலிருந்து கத்தினாள் செண்பகவல்லி.

அவர் நிறுத்திவிட்டு வருவதற்குள் மாரடைப்பு அவளைக் கொண்டுபோய்விட்டது.

ஜெயித்தவர் இறந்தால், வேட்புமனுவின்போதே அவருடைய பேச்சும் புத்தியும் பதிந்து வைத்த பெட்டி பதவி வகிக்கலாம் என்பது சட்டம். காரியம் முடிந்ததும், தள்ளிவைத்திருந்த பதவியேற்புக்காகப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பேரூராட்சிக்குப் போனார். மனைவி பெயரில் தானே ஆளலாம் என்று திட்டம் போட்டிருந்த மனிதருக்கு இப்போது அவள் குரல் கேட்டால் போதும் என்றிருந்தது.

"என்னங்க, காலர்ல அழுக்கு" என்று வழியெல்லாம் அது பேசியது.

உறுதிமொழி முடிந்ததும் அவர் தன்னை மறந்து எழுந்து, "எங்க வார்டு சார்பா..." என்று ஆரம்பித்தார்.

"பார்வையாளர் உட்காருங்க, ஐயா" என்றது பெட்டி. மன்றமே சிரித்தது. அவரும் சிரித்தார்.

பதவியேற்ற பெட்டி வார்டு விஷயம் மட்டுமே பேசும். அதன்பின் 'என்னங்க' வரவே இல்லை.

ஆகவே தினமும் மனுதாரர் வரிசையில் போய் நிற்கிறார்.

"வீட்டு முன்னால தெருவிளக்கு எரியலைம்மா."

"உறுப்பினர் வீட்டுக்குக் கடைசியாத்தான், ஐயா. நாளைக்கு வந்து பாருங்க."

"எரிஞ்சிட்டா என்ன சொல்லிக்கிட்டு வருவீரு?" என்று பின்னால் நின்றவர் கேலி செய்தார்.

அந்தப் பயம் அவருக்கும் உண்டு. வாசல் பூட்டைத் தடவித் திறக்கும்போது ஒருமுறை அண்ணாந்து பார்த்துக்கொள்வார்.

விளக்கு இன்னும் எரியவில்லை.