சாவி ஆணியில் தொங்கட்டும்

கார் சாவியை ஆணியிலேயே விட்டுவிட்டுச் செருப்பை மாட்டினார் முத்துக்கிருஷ்ணன்.

"இன்னைக்கும் நடையா? நம்ம யாவாரம் நொடிச்சுப் போச்சுன்னு சங்கரன்கோவிலே பேசுது" என்றாள் மனைவி.

"பேசட்டும். இந்தா இருக்க தூரத்துக்குக் கார் எதுக்கு?"

தெருமுனையில் மருந்துக்கடை ஜெபசிங் காரைக் கிளப்பிக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, எறங்கி வாங்க. பேசிக்கிட்டே நடப்போம்."

ஜெபசிங் சிரித்துக்கொண்டே இறங்கிவிட்டார். அவரை மருந்துக்கடை வாசலில் விட்டுவிட்டு, முத்துக்கிருஷ்ணன் தன் தொழிலிடத்துக்குள் நிமிர்ந்து நுழைந்தார்.

வேலையாள் மாரிராஜ் தலையில் கைவைத்தான். "அவரையுமா நடக்க வச்சுட்டிய, மொதலாளி? இப்படியே போனா நம்ம பங்க்ல யாரு பெட்ரோல் போடுவா?"

முத்துக்கிருஷ்ணன் கைநீட்டினார். "அங்கன உழவுக்குப் போற டிராக்டர் காத்து நிக்குது பாரு. அது நடந்தா போவும்? மொதல்ல அதுக்கு டீசல ஊத்துலே!"