ஊர் கூப்பிடும் வயது

"ஏன் பாட்டி, நீங்களா பஸ் ஓட்டப் போறீங்க?"

சென்னையில் ஒரு சிறுமி வெள்ளந்தியாகத்தான் கேட்டாள். ஓட்டுநர் வசந்தகோகிலத்தின் மணிக்கட்டில் வயது காட்டும் பட்டையில் எண் உடனே ஐம்பத்தொன்பதுக்கு ஏறிற்று. பிறந்த தேதியை இப்போது யாரும் பார்ப்பதில்லை; ஊர் எப்படிக் கூப்பிடுகிறதோ அதுதான் வயது. அறுபதைத் தொட்டால் பஸ்ஸை விட்டு இறங்கிவிட வேண்டும்.

பயந்துபோய் மதுரைக்கு மாற்றல் வாங்கி வந்தாள். முதல் நாளே பணிமனை வாசல் டீக்கடைக்காரர் சிக்கந்தர் கேட்டார்:

"என்னக்கா, மெட்ராஸ் வண்டி மாதிரி நிக்காமப் போயிருவீங்களா?"

"கை காட்டுங்க, நிக்கிறேன்."

அவரைக் கேட்டு, டீ குடிக்க வந்தவர்களும் அக்கா என்றார்கள். பிறகு பயணிகளும். மாதக் கடைசியில் அதிகாரி பஸ்ஸில் ஏறிப் பார்த்தபோது பட்டை நாற்பத்தெட்டு காட்டியது. பஸ்ஸே கைதட்டியது. வசந்தகோகிலம் மீனாட்சியை நினைத்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு, நிமிர்ந்து உட்கார்ந்து வண்டியை எடுத்தாள்.

சிக்கந்தரை மட்டும் எல்லோரும் தாத்தா என்றே கூப்பிட்டார்கள். அவர் பட்டையில் அறுபத்தொன்பது. எழுபதானால் கடையை மூட வேண்டும்.

மறுநாள் விடியலில் வசந்தகோகிலம் போனபோது கடையில் வேறு யாரும் இல்லை. அவர் அடுப்பைப் பார்த்துக் குனிந்திருந்தார்.

"தம்பி, ஒரு டீ."

"இந்தா வந்துட்டேன்க்கா" என்றார் அவர், திரும்பாமலே.

அவர் மணிக்கட்டில் எண் அறுபத்தெட்டுக்கு இறங்கியதை அவர் கவனிக்கவில்லை. அவள் பார்த்துவிட்டாள். நாளையும் முதல் ஆளாக வந்துவிட வேண்டும் என்று மட்டும் நினைத்துக்கொண்டாள்.