பொறுப்பு ஒப்படைப்பு

"அரசாங்க வக்கீல்னா எங்க தூக்கிப் போட்டாலும் போகணுமா?" டிரங்குப் பெட்டியில் வேட்டிகளைத் திணித்தபடி அலமு பொரிந்தாள்.

ஓட்டைப் படகில் ஆள் ஏற்றி, குடியேற வந்த ஏழு பேரைக் கடலில் சாகவிட்டவன், ஆளுங்கட்சித் தலைவரின் மைத்துனன்; அவனைக் கூண்டில் ஏற்றியவர் அவள் கணவர் பக்தவத்சலம். வழக்கை வாபஸ் வாங்கச் சொன்னார் தலைவர். இவர் மறுத்தார். மூன்றாம் நாளே அந்தமானின் வடகோடியில் இருக்கும் திக்லிபூருக்கு மாற்றல் உத்தரவு.

அவர் இடத்துக்கு வந்தவர் வீட்டுக்கே வந்து, வழக்குக் கட்டை வாங்கிக்கொண்டு இப்போதுதான் போனார்.

"புது வக்கீல் சாப் நல்ல மனுஷர்," என்றாள் அலமு. "கட்டைப் பிரிக்காமலே பதினோரு சாட்சி பேரையும் கடகடன்னு சொன்னார். அந்தப் படுபாவி இனிமே தப்ப முடியாதுங்க."

"ம்."

"நீங்க கட்டை எடுக்க உள்ள போனப்போ, சாட்சிங்களை எங்க தங்க வச்சிருக்கீங்கன்னு கேட்டார். ஜங்லிகாட் பக்கம் இருக்கிற வீட்டைச் சொன்னேன். அக்கறையா எழுதிக்கிட்டார்."

பெட்டிக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்த பக்தவத்சலத்தின் கை நின்றது.

"அலமு, நேத்து சாயங்காலம் வரைக்கும் அந்தப் படுபாவிக்கு வக்கீலே அவர்தான்."