காசில்லாத பீர்

கேட்காமலேயே ஒரு கிளாஸ் பீரை நுரை வழிய நிரப்பி, லயோனல் டிரான்டர் முன்னால் வைத்தாள் பெவர்லி. அவர் சட்டைப் பையில் கையை விட்டபோது தலையை ஆட்டினாள்.

"இருக்கட்டும். இது என்னோடது."

லயோனலுக்கு அது நல்லதாகப் படவில்லை.

எப்படிப் படும். எச்சில் கையால் காக்கை விரட்டாதவள் பெவர்லி. கிறிஸ்துமஸ் அன்றைக்குக்கூட வறுத்த கடலையைக் கிண்ணத்தில் போடும்போது அவள் முகம் சுருங்கும்.

அவர் கிளாஸைத் தொடவில்லை. ஸ்டூலுக்கு அடியில் படுத்திருந்த நாயின் கயிற்றை மட்டும் கையில் இன்னொரு சுற்று சுற்றிக்கொண்டார்.

டன்ஸ்பரியில் யாரைக் கேட்டாலும் லயோனலைப் பற்றி ஒரே கதைதான். எந்த பப் அவரை 'இனி இந்தப் பக்கம் வராதே' என்று விரட்டுகிறதோ, அந்த பப் அடுத்த குளிர்காலத்தைப் பார்க்காது.

'கருப்பு ஆடு' பப் விரட்டியது. இப்போது அங்கே பல் டாக்டர். 'ஏர்க்கலப்பை' விரட்டியது. இடித்துவிட்டுக் கார் நிறுத்துகிறார்கள். 'மூன்று பீப்பாய்' விரட்டியது. அங்கே இப்போது சவப்பெட்டிக் கடை. பழைய வாடிக்கைக்காரர்கள் ஒவ்வொருவராக அங்கேயே திரும்பிக்கொண்டிருக்கிறார்கள்.

கடையை மூடியவர்களை ஊர் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அந்தச் சனியன் வாயில் விழுந்தால் யார்தான் தாங்குவார்கள் என்று பரிதாபப்பட்டு, கை குலுக்கி வழியனுப்பியது. லயோனலைக் கண்டால் மட்டும் தெருவின் எதிர்ச்சாரிக்குப் போனது.

மிச்சம் இருப்பது பெவர்லியின் இந்தச் 'சிவப்புப் பசு' ஒன்றுதான்.

பெவர்லி அவருக்குப் பயப்படுகிறாள் என்று ஊர் நினைத்தது. ஊருக்கு என்ன தெரியும். பயந்து செத்துக்கொண்டிருந்தவர் லயோனல். மனைவி ஈனிட் இறந்துபோன பிறகு அவர் வீட்டில் பேசுவது டீ கெட்டில் மட்டும்தான். இந்த ஸ்டூலும் போனால் அப்புறம் அந்தக் கெட்டில்தான் கதி.

அதனால் பசுவுக்குள் நுழையும்போது செருப்பை இரண்டு தரம் துடைப்பார். கிளாஸை அதற்கென்று போட்ட அட்டையின் நடுவில் பார்த்து வைப்பார். கெட்ட வார்த்தை வாய்வரை வந்தால் இருமலாக்கி விழுங்குவார். குட்டி ஈட்டி எறிந்து விளையாடும் பலகைப் பக்கமே போகமாட்டார். யாரோடாவது சண்டை வந்துவிட்டால்?

சந்தை நாள் என்பதால் மத்தியானமே கூட்டம். கவுண்டரின் அடுத்த முனையிலிருந்து கறிக்கடை டட்லி எட்டிப் பார்த்தான்.

"என்ன பெருசு, ஓசி பீரைப் பாத்து மலைச்சுட்டியா? குடிச்சுட்டு வாயப் பொத்திக்கிட்டு இரு. இந்த ஒரு கடையையாவது விட்டுவைய்யா."

எல்லோரும் சிரித்தார்கள். பெவர்லி சிரிக்கவில்லை. துடைத்த இடத்தையே துடைத்துக்கொண்டிருந்தாள்.

செவ்வாய்க்கிழமை பளபளவென்று ஷூ போட்ட ஒருவன் டேப்பை வைத்து ஜன்னலை அளந்துகொண்டு போனது லயோனலுக்கு ஞாபகம் வந்தது. புதுத் திரைச்சீலைக்கு என்று பெவர்லி சொன்னாள். திரைச்சீலைக்காரன் எதற்குக் கூரையையும் சுவரையும் தட்டிப் பார்த்தான் என்று ஊர் வம்பையெல்லாம் விசாரிக்கும் டட்லியின் பெண்டாட்டிகூடக் கேட்கவில்லை. அவளே கேட்கவில்லை என்றால் பாருங்கள்.

லயோனல் முன்னால் குனிந்தார்.

"எப்போ?"

"ஈஸ்டர் கழிச்சு." அவள் குரல் துணிக்குள்ளிருந்து வந்தது போல இருந்தது. "அம்மா மேட்டுத் தெரு முதியோர் இல்லத்துல இருக்கா, லயோனல். அவள விட்டுட்டு நான் எங்க போவேன்? இந்த ஊர்லதானே முழிச்சாகணும்."

ஊரின் கடைசி பப்பை விற்றவள் என்ற பேர்தான் வரும். அவள் அம்மாவுக்கு அந்த இல்லத்தில் யார் சிரித்த முகத்தோடு டீ கொடுப்பார்கள்?

ஈஸ்டருக்கு இன்னும் நாள் இருந்தது. ஒன்றும் காதில் விழாதது போல் அதுவரை இந்த ஸ்டூலில் உட்கார்ந்திருக்கலாம். லயோனல் அதை யோசிக்காமல் இல்லை.

பிறகு பீரில் பாதியை நிதானமாகக் குடித்தார். நல்ல பீர்.

எழுந்து, மீதியை டட்லியின் மடியில் கவிழ்த்தார். கிளாஸைச் சுவரில் அடித்தார். இருமலாக்கி விழுங்கியிருந்த அத்தனை வார்த்தைகளையும் டட்லிமேலும் பசுமேலும் பெவர்லியின் பரம்பரைமேலும் வரிசையாக இறக்கினார். ஈட்டிப் பலகைகூடத் தப்பவில்லை.

"வெளிய போய்யா. இனிமே இந்த வாசப்படிய மிதிச்சே, காலை ஒடைச்சுடுவேன்." பெவர்லி அவர் காலரைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு வந்தாள்.

"போச்சு," என்றான் உள்ளே டட்லி, ஈரக் கால்சட்டையோடு. "பாவம் பெவர்லி. இந்தக் கடையும் போச்சு."

வாசலில் மழை. கதவு மறைவில் அவள் காலரை விட்டாள். முகமெல்லாம் கண்ணீர்.

"நான் சரியாக் கத்துனேனா?"

"பரவால்ல," என்றார் லயோனல். "கருப்பு ஆட்டுக்காரன் இன்னும் நல்லாக் கத்துனான்."

அவனும் கடையை விற்றுவிட்டு, முதலில் காசு வாங்காமல் ஒரு பீர்தான் வைத்தான். ஏர்க்கலப்பையிலும் அப்படித்தான். மூன்று பீப்பாய்க்காரன் தட்டு நிறைய வறுவலும் சேர்த்து வைத்தான்.

அப்போதெல்லாம் வெளியே வந்ததும் நாய்தான் அவரை அடுத்த பப்புக்கு இழுத்துக்கொண்டு போகும்.

கதவு சாத்தப்பட்டது. நாய் தெருவின் இந்தப் பக்கம் பார்த்தது, அந்தப் பக்கம் பார்த்தது. பிறகு அவர் காலடியில், மழையிலேயே உட்கார்ந்துவிட்டது.