ஆள் இருக்கிற சீட்டு

காமிராவில் காலி சீட்டு தெரிந்தால் விருது விழாக்காரர்களுக்கு மானம் போய்விடும். அதனால் பெரிய மனிதர் யாராவது எழுந்து வெளியே போனால், அந்த இடத்தில் ஓடிப்போய் உட்கார எங்களைப் போல இருபது பேரை வைத்திருக்கிறார்கள். நல்ல உடை, நல்ல சிரிப்பு, வாயைத் திறக்கக் கூடாது. நியூயார்க்கில் இதுவும் ஒரு பிழைப்பு.

அன்று மத்தியானம் மேற்பார்வையாளர் மார்வின், "முன் வரிசையில ஒரு ஓட்டை, ஓடு" என்று என்னைத் தள்ளிவிட்டார். உட்கார்ந்த பிறகுதான் பக்கத்தில் யார் என்று பார்த்தேன்.

அல்வீனா கேட்ஸ்!

எண்பத்து மூன்று வயது. அன்றைக்கு வாழ்நாள் சாதனை விருதே அவருக்குத்தான். அவர் பாடாத ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் கிடையாது.

"எந்திரிம்மா. அது ஆள் இருக்கிற சீட்டு."

"மன்னிச்சுக்கங்க மேடம். அவங்க வந்ததும் எந்திரிச்சுடறேன்."

"அவ வந்தாச்சு. நீ அவ மடியில உக்காந்திருக்கே."

அதற்குள் காமிரா எங்கள் பக்கம் திரும்பிவிட்டது. இனி எழ முடியாது. இரண்டு பேரும் சிரித்தோம்.

திரையில் அவர் வாங்கிய விருதுகள் ஒவ்வொன்றாக வந்தன. பதினோரு கோப்பைகள். இரண்டு கௌரவ டாக்டர் பட்டங்கள். பிறந்த ஊரில் அவர் பெயரில் ஒரு தெரு. பின்னணியில் அவரை ஒரே நாளில் பெரிய ஆளாக்கிய அந்த முதல் பாட்டு.

சிரிப்பு மாறாமல், உதடு அசையாமல் அவர் சொன்னார்.

"இது டெஸ்ஸி பாடினது. சிகாகோவுல ரெண்டு பேரும் ஒரே ரூம்ல இருந்தோம். ரெக்கார்டு வெளிவர்றதுக்கு முன்னாடியே காய்ச்சல்ல போயிட்டா. பேரும் படமும் உன்னுது போட்டுக்கறோம், அவ மாதிரியே பாடுன்னான் கம்பெனிக்காரன். அறுபது வருஷமா பாடறேன். என் குரல் எப்படி இருக்கும்னே எனக்கு மறந்துபோச்சு."

நான் சீட்டின் விளிம்புக்கு நகர்ந்தேன்.

"ஒவ்வொரு தடவையும் சொல்லிடணும்னுதான் மேடை ஏறுவேன். அங்கேருந்து, எப்பவும் டெஸ்ஸிக்குன்னு போட்டு வைக்கிற இந்த சீட்டைப் பாப்பேன். வேணாம்னு தலையாட்டுவா. வாயை மூடிட்டு எறங்கிடுவேன். இன்னிக்கு விட்டா இனிமே எனக்கு மேடை கெடையாது, டாக்டர் சொல்லிட்டார்."

பெயரை அழைத்தார்கள். கைத்தாங்கலாக ஏறிப் போனார். கோப்பையை வாங்கினார். மைக்கைப் பிடித்தார். நான் உட்கார்ந்திருந்த இடத்தையே பார்த்தார்.

பாவம், அறுபது வருஷம்! வேலை போனால் போகட்டும் என்று தலையசைத்தேன். சொல்லிவிடுங்கள் என்று, அங்கிருந்து நன்றாகத் தெரியும்படி, மேலும் கீழுமாக.

அவர் மூச்சை இழுத்துவிட்டார்.

"இந்தக் குரல் என்னுது இல்ல. டெஸ்ஸின்னு ஒருத்தியோடது. இந்தக் கோப்பை எல்லாமே அவளோடது."



பிறகு எனக்குப் பின்னால் ஒரு பெண் விசும்பினாள். "இவ்வளவு பேரும் புகழும் வாங்கியும் எவ்வளவு அடக்கம் பாரேன்" என்றார் அவள் கணவர். ஒருவர் எழுந்தார், இருவர் எழுந்தார்கள், மொத்த அரங்கமும் எழுந்து நின்று கைதட்டியது.

"இல்ல, நிஜமாத்தான்..." என்றார் அல்வீனா.

கைதட்டல் இன்னும் கூடியது. வாத்தியக்காரர்கள் அந்தப் பாட்டையே வாசிக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

அது நிஜம் என்று அவ்வளவு பேரில் எனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும். அவர் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஓரத்திலிருந்து மார்வின் முறைத்தார். காமிரா எங்கள் வரிசையை நோக்கி வந்துகொண்டிருந்தது.

நான் எழுந்து, சிரித்துக்கொண்டே கைதட்டினேன்.